பந்தெடுக்கப் போனவர்

தேவிகுளத்துக்கு மேலே ஓடைக்காடு எஸ்டேட்டில் போய் சுருளிவேல் வீடு எது என்று கேட்டால், எந்தச் சுருளிவேல் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் அங்கே நாலு பேர் இருந்தார்கள். பந்தெடுக்கப் போனவர் என்று சொன்னால் போதும். அதைக் கேட்டதும் எதிரில் நிற்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுப் போவார். போன ஆடி மழையில் அவர் காலமானார். அடக்கத்தன்று கூட்டத்தில் யாரோ வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற குருவம்மாள், அவருடைய மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சொல்லுங்க, அதுக்கென்ன. அவுக பேரு அதானே" என்றார்.

சுருளிவேல் பெரிய பந்தயம் ஒன்றில் கால்பந்து ஆடியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் வருஷம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. ஆடிய நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. பந்தைத் தொட்டது ஒரு தடவை. ஆனால் அந்த ஒரு தடவையைப் பற்றி ஓடைக்காட்டுக்காரர்கள் பேசிய நேரத்தைக் கூட்டினால் பத்துப் பந்தயம் ஆடி முடித்திருக்கலாம்.

முதலில் ஓடைக்காட்டு மைதானத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை மலைச்சரிவை வெட்டி மைதானம் போடச் சொன்னாராம். மூன்று பக்கம் வெட்டி முடித்தார்கள். நாலாவது பக்கம் வேலை நடக்கும்போது துரைக்கு மாற்றல் வந்துவிட்டது. அதனால் அந்தப் பக்கம் மைதானம் முடிகிற இடத்தில் பூமியும் முடிந்துவிடும். கீழே பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காடு. அதற்கும் கீழே ஓடை. பந்து அந்தப் பக்கம் போனால் தேயிலைச் செடிகளின் தலைமேல் குதித்துக் குதித்துப் போய், ஓடையில் விழுந்த பிறகுதான் நிற்கும்.

எஸ்டேட்டுக்கு வருஷத்துக்கு ஒரு பந்துதான் வரும். ஆகவே ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை; யாரும் மீறியதும் இல்லை. கடைசியாக யார் கால் பட்டுப் பந்து பள்ளத்துக்குப் போகிறதோ, அவர்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். போய் வர அரை மணி நேரம். அதுவரை மற்ற இருபத்தொரு பேரும் புல்லில் உட்கார்ந்துவிடுவார்கள். பீடி பற்றவைப்பார்கள், காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்குவார்கள், சிலர் படுத்தே விடுவார்கள். ரெஃப்ரியும் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எடுத்து வருகிறவர் ஓடையிலேயே பந்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவர வேண்டும். சேற்றோடு கொண்டுவந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புதிதாக வேலைக்கு வந்த சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர், ஒருமுறை ஆசைக்கு ஆட வந்தார். முதல் உதையிலேயே பந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரே இறங்கிப் போய், நாற்பது நிமிடம் கழித்து முழங்கால் வரை சேறோடு, கழுவிய பந்தோடு ஏறி வந்தார். அன்றிலிருந்து அவருக்கு எஸ்டேட்டில் நல்ல பெயர்.

சுருளிவேலுக்குக் கவ்வாத்து வேலை. வளைந்த கத்தியால் தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சரிவில் ஏறி இறங்குவதே வேலையாக இருந்ததால், சாயங்காலம் ஆட வந்தபின் மறுபடி ஏறி இறங்க அவருக்கு விருப்பமில்லை. பின்வரிசையில் நின்று ஆடுவார். பந்து பள்ளத்துப் பக்கம் உருண்டால், தன் பிள்ளை கிணற்றுப் பக்கம் தவழ்கிறது என்பதுபோல் பாய்ந்து போய் விளிம்பில் நிறுத்தி, திருப்பி, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தட்டிக் கொடுத்துவிடுவார். அவர் காலுக்கு வந்த பந்து வெளியே போனதை இரண்டு வருஷமாக யாரும் பார்த்ததில்லை. கோல் காக்கும் மரியஜோசப், எஸ்டேட் லாரி டிரைவர், இதைப் பற்றிச் சொல்லும்போது, "சுருளிக்குச் சோம்பேறித்தனம் ஜாஸ்தி. அதான் அவன் ஆட்டம் இம்புட்டு சுத்தமா இருக்கு" என்பார்.

அந்தச் சுத்தத்தைத்தான் யக்ஞநாராயணன் பார்த்தார்.

யக்ஞநாராயணன் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பஞ்சு மில்லில் தொழிலாளர் ஆபீஸ் சூப்பரின்டெண்டு. அந்த மில்லுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. ஆட்டக்காரர்களுக்கு மில்லிலேயே வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். அணிக்கு மேனேஜரும் அவரே. வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தவர் இல்லை, ஆனால் உதைக்கிறவர்களைக் குறை சொல்வதில் மலையாள ஜில்லாக்களில் அவருக்கு இணையில்லை. மைத்துனர் தேவிகுளம் தாலுகா ஆபீசில் இருந்தார். கார்த்திகைக்கு அங்கே வந்தவர், எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் ஷீல்டு ஆட்டத்தைப் பார்க்கக் குடையும் கையுமாக மைதானத்துக்கு வந்தார். ஆட்டம் முடிந்ததும் சுருளிவேலைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏண்டா, முழு ஆட்டமும் பார்த்தேன். நீ பந்தை ஒரு தடவைகூட வெளியிலே அடிக்கலையே. என்னத்துக்கு?"

"வெளிய போனா அரை மணி நேரம் போயிரும் சார்."

யக்ஞநாராயணன் மைத்துனர் பக்கம் திரும்பினார். "கேட்டேளா? நேரத்தோட அருமை தெரிஞ்சவனாக்கும் இவன். என் பசங்களுக்கு ரெண்டு வருஷமாச் சொல்றேன், ஒருத்தன் மண்டையிலேயும் ஏறலை."

சுருளிவேலுக்கு மேற்கொண்டு விளக்கத் தோன்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மூன்று மாதம் மில் அணியோடு இருக்கலாம். சாப்பாடும் படுக்க இடமும் மில் பொறுப்பு. அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு பெரிய பந்தயத்தில் ஆடிக் காட்டினால் நிரந்தர வேலை, அதோடு இரண்டு அறை உள்ள குவார்ட்டர்ஸ். எஸ்டேட்டிலும் மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு கொடுத்தார்கள். மாசி கடைசி சனிக்கிழமைக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை காலை பெயர் கூப்பிடும்போது வந்து நிற்காவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

இரண்டு அறை என்ற செய்திதான் குருவம்மாளின் காதில் நன்றாக விழுந்தது. கல்யாணமாகி மூன்று வருஷமாக அவர்கள் இருந்தது லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை, அதுவும் பாதி. மறுபாதியில் சுருளிவேலின் அண்ணன் குடும்பம். நடுவில் ஒரு பழைய சேலை. அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம் இரும வேண்டுமானாலும் அந்தப் பக்கம் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துத்தான் இரும வேண்டும்.

"ரெண்டு ரூமுக்கும் நடுவுல சுவரு இருக்குமாங்க?" என்று கேட்டார்.

"இருக்கும்னுதான் நெனைக்கேன்."

"நெனைக்காதீக. கேட்டுட்டு வாங்க."

சுருளிவேல் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள், பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் பாத்திரங்களையெல்லாம் அடுக்கி, மூடி வைத்து ஆணி அடித்தார்கள். சமைக்க ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் மட்டும் வெளியே. அவசரப்படாதே என்று சுருளிவேல் சொன்னார். குருவம்மாள் ஆணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மில் மைதானம் தட்டையாக இருந்தது. முதல் நாள் சுருளிவேல் பந்தை நடுவில் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார். அப்போதும் இருந்தது. இப்படி ஒரு இடத்தில் பந்தாடுவது ஏமாற்று வேலை மாதிரி அவருக்குப் பட்டது. இன்னொரு அதிசயம், பந்துகள். ஒரு வலைப்பையில் ஆறு பந்து. ஆறும் ஒரே மாதிரி. பை நிறையக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல மில்லில் ஒருவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்.

பூட்ஸ் கொடுத்தார்கள். ஒரு வாரம் குதிகாலில் கொப்புளம். இரண்டாவது வாரம் கொப்புளத்தின்மேல் கொப்புளம். மூன்றாவது வாரம் காலும் பூட்ஸும் சமாதானம் செய்துகொண்டன.

யக்ஞநாராயணனோடுதான் சமாதானம் வரவில்லை. சுருளிவேல் ஆபத்தான இடத்திலும் பந்தை உள்ளேயே வைத்து ஆடினார். எதிரே மூன்று பேர் பாய்ந்து வரும்போதும் நிதானமாகத் திருப்பிப் பக்கத்து ஆளுக்குத் தட்டினார். மலையில் பாராட்டியவர் இங்கே தலையில் அடித்துக்கொண்டார்.

"கோல் வாசல்லே நின்னுண்டு கோலம் போடறியே, வெளியே அடிச்சுத் தொலையேண்டா."

"வெளியவா சார்?"

"ஆமாம், வெளியேதான். நேரத்தோட அருமையெல்லாம் மத்த நேரத்திலே. ஆபத்துன்னா வெளியே. பாலக்காட்டை விட்டே வெளியே."

இதைப் பழக்குவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. பந்தை வெளியே அடிக்கக் கால் தூக்கும்போதெல்லாம் சுருளிவேலின் கண்முன் ஓடைக்காட்டுப் பள்ளம் வந்து நிற்கும். மில் மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் பஞ்சுக் கிடங்கின் உயரமான சுவர். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து சுவரில் மோதித் தானாகவே திரும்பி வந்துவிடும். அதனால் பந்து நிஜமாகவே வெளியே போனால் அவர் என்ன செய்வார் என்பது மில்லில் யாருக்கும் தெரியாமலே போயிற்று. அவருக்கும் தெரியாது.

அந்த வருஷத்துக் கடைசிப் பந்தயம் பாலக்காட்டிலேயே, கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் நடந்தது. தென்னை ஓலைத் தட்டியால் சுற்றி வளைத்து, கமுகு மரத்தில் கேலரி கட்டி, டிக்கெட் வைத்து நடத்தினார்கள். ஒலிபெருக்கியில் மலையாளத்தில் ஒருவர் மூச்சு விடாமல் வர்ணித்துக்கொண்டிருந்தார். கல்கத்தாவிலிருந்தும் கோவாவிலிருந்தும்கூட அணிகள் வந்திருந்தன. முந்தைய இரண்டு பந்தயங்களிலும் சுருளிவேல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் கொடுத்தவர். இதிலும் முதல் ஆட்டத்தில் பெஞ்சுதான். இரண்டாவது ஆட்டம் சனிக்கிழமை, பெங்களூர் அணியோடு. தோற்றால் அதோடு வருஷம் முடிந்தது. திங்கட்கிழமை எஸ்டேட்டில் பெயர் கூப்பிடுவார்கள்.

கேலரியில் ஓடைக்காட்டின் சார்பில் ஒரே ஒருவர் இருந்தார். மரியஜோசப். கோயமுத்தூரில் தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டு நேராக மலையேற வேண்டிய லாரியைப் பாலக்காட்டுக்குத் திருப்பியிருந்தார். எஞ்சின் சூடானதால் நின்றேன் என்று ஆபீசில் சொல்வதாக உத்தேசம். ஒரு எஞ்சின் முப்பது மைல் தள்ளி வந்து ஏன் சூடாக வேண்டும் என்பதற்கு மலையேறும் வழியில் பதில் யோசித்துக்கொள்ளலாம்.

எண்பது நிமிடம் வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது மில் அணியின் வலது பின்வரிசைக்காரர் கணுக்கால் பிசகி விழுந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சில் சுருளிவேலைத் தவிர வேறு ஆள் இல்லை. யக்ஞநாராயணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சுருளி, இன்னும் ஒம்போது நிமிஷம். கோல் விடாம ஓட்டிட்டா நாளைக்கு மறுபடி ஆடலாம். முதலாளி முன் வரிசையிலே உட்கார்ந்துண்டிருக்கார். பந்து உன்கிட்டே வந்தா யோசிக்கப்படாது. வெளியே. கேட்டியோ? கண் காணாத தூரத்துக்குப் போகட்டும். இதைப் பண்ணினா உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"ரெண்டு ரூமுக்கும் நடுவுல சுவரு இருக்குமா சார்?"

"என்ன சுவர்?"

"ஒண்ணுமில்ல சார்."

பதினாலாம் நம்பர், சுருளிவேல் என்று ஒலிபெருக்கி சொன்னது. பத்தாயிரம் பேருக்கு அது யாரென்று தெரியவில்லை. கேலரியில் மரியஜோசப் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள்.

சுருளிவேல் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றார். புல் வெட்டிய மணமும் சுண்ணாம்புக் கோட்டின் மணமும் வந்தன. நின்று முழுசாக ஒரு மூச்சு விடுவதற்குள் பெங்களூர்க்காரன் ஒருவன் எதிரே பந்தோடு வந்துவிட்டான். நல்ல உயரம், நல்ல வேகம். மலைச் சுருளிவேலாக இருந்தால் குறுக்கே புகுந்து, நிறுத்தி, திருப்பி, தட்டியிருப்பார். இரண்டு மாதம் பழக்கிய சுருளிவேல் குறுக்கே புகுந்தார், நிறுத்தவில்லை. வலது காலை வீசினார்.

அப்படி ஓர் உதையை அவர் அதற்கு முன்னும் உதைத்ததில்லை, பின்னும் உதைத்ததில்லை. பந்து கயிற்றைத் தாண்டி, முன் வரிசை நாற்காலிகளைத் தாண்டி, முதலாளியின் தலைக்கு மேலே போய், ஓலைத் தட்டியையும் தாண்டி, கோட்டைப் பக்கம் போய் மறைந்தது. மைதானம் முழுக்கக் கைதட்டியது. யக்ஞநாராயணன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினார்.

சுருளிவேலும் பந்து மறைந்த திசையைப் பார்த்தார். கண்முன் அந்தப் பள்ளம் வந்து நின்றது. கால்கள் திரும்பி ஓட ஆரம்பித்தன.

பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதோ எடுத்துட்டு வாரேன் என்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கயிற்றைத் தாண்டினார். நாற்காலிக்காரர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். அவசரம்போலிருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. கேட்டில் நின்றவர் கதவையே திறந்து விட்டார். வெளியே போகிறவரிடம் எந்த கேட்டிலும் டிக்கெட் கேட்பதில்லை.

இந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் இதில் விசித்திரமாக எதுவும் படவில்லை. மரியஜோசப் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"உன் ஆளு எங்கே ஓடறான்?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"பந்தெடுக்கப் போறான்."

"அதுக்கு எதுக்கு அவன் போகணும்?"

மரியஜோசப் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவன்தானே அடிச்சான்."

பந்து கோட்டை அகழியில் மிதந்துகொண்டிருந்தது. சுருளிவேல் கல்லைப் பிடித்து இறங்கினார். இடுப்பளவு தண்ணீர், பச்சைப் பாசி. ஓடையோடு ஒப்பிட்டால் இது சுகம், குளிரில்லை, அட்டையில்லை. பந்தைப் பிடித்துக் கரையோரம் கொண்டுவந்து, பாசியை வழித்து, இரண்டு முறை முக்கிக் கழுவி, சட்டையின் முன்பக்கத்தால் துடைத்தார். உள்ளே எல்லோரும் புல்லில் உட்கார்ந்திருப்பார்கள், அவசரமில்லை. பெங்களூர்க்காரனும் ஓடி ஓடிக் களைத்திருந்தான், கொஞ்சம் படுத்திருப்பான். யக்ஞநாராயணன் சார் சொன்னதுபோலவே கண் காணாத தூரத்துக்கு அடித்தாயிற்று. வேலை கிடைத்த மாதிரிதான். சுவர் இருக்கிறதா என்பதை மட்டும் ஆட்டம் முடிந்து கேட்க வேண்டும்.

அப்போது தட்டிக்கு உள்ளேயிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. கோல் விழுந்தால் எழுகிற கூச்சல்.

சுருளிவேல் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். அது கையில்தான் இருந்தது. மறுபடி தட்டியைப் பார்த்தார். பந்து இங்கே இருக்கும்போது அங்கே எப்படிக் கோல் விழும் என்று அவருக்குப் புரியவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே நின்று யோசித்தார். அப்புறம்தான் அந்த வலைப்பை ஞாபகம் வந்தது. ஆறு பந்து. ஆறும் ஒரே மாதிரி.

கேட்டுக்கு ஓடினார். கேட்டில் நின்ற குப்பண்ணன் சித்தூர்ப் பக்கத்து விவசாயி. பந்தய நாட்களுக்கு மட்டும் கமிட்டி வைத்த ஆள். கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஏனுங்க, டிக்கெட்டுங்க?"

"அண்ணே, நான் வெளையாடுதவன்."

"வெளையாடறவங்கெல்லாம் உள்ள வெளையாடிட்டிருக்கறாங்களே."

"இப்பத்தானேண்ணே என்னைய வெளிய விட்டீக. பந்தெடுக்கப் போனேன்."

"விட்டனுங்க. நான் இல்லீன்னு சொல்லுலீங்களே. ஆனா வெளிய போனவங்க திருப்பி உள்ள வரோணும்னா டிக்கெட்டு வேணும்னு கமிட்டில சொல்லிப்போட்டாங்க. முன்சீப்பே வந்தாலும் விடாதேன்னாங்க."

"சட்டையப் பாருங்கண்ணே. பதினாலாம் நம்பரு."

குப்பண்ணன் பார்த்தார். சட்டையில் நம்பரைவிடப் பாசிதான் அதிகம் தெரிந்தது. இருந்தாலும் அவர் இரக்கமில்லாத மனிதர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒண்ணு செய்யலாமுங்க. பந்து கமிட்டியோடது, அதுக்கு டிக்கெட்டு வேண்டீதில்லீங்க. அதைக் குடுங்க, நான் உள்ள சேத்துப்போடறன். நீங்க இங்கயே நின்னுக்குங்க."

சட்டம் என்றால் சட்டம்தான் என்பது சுருளிவேலுக்குப் புரியாத விஷயமில்லை. பந்தைக் கொடுத்தார். குப்பண்ணன் அதை வாங்கிப் பார்த்து, "கழுவியே கொண்டாந்துட்டீங்களா" என்று மெச்சிக்கொண்டு உள்ளே போனார், கேட்டைப் பூட்டிக்கொண்டு. உள்ளே நீளமாக விசில் ஊதினார்கள். ஆட்டம் முடிந்தது.

கூட்டமெல்லாம் வெளியே வந்து கரைந்த பிறகு யக்ஞநாராயணன் வந்தார். சுருளிவேல் டிக்கெட் கொடுக்கும் கூண்டின் படியில், ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். யக்ஞநாராயணன் குடையைத் திறந்தார், மூடினார்.

"ஏண்டா, நான் உனக்கு என்ன துரோகம் பண்ணினேன்?"

"அடிச்சவன்தானே சார் எடுக்கணும்."

"யார் சொன்னா?"

சுருளிவேல் சொன்னார். மைதானத்தின் நாலாவது பக்கம், பன்னிரண்டாம் நம்பர் காடு, ஓடை, வருஷத்துக்கு ஒரு பந்து, சின்னத்துரை இறங்கிப் போனது, எல்லாம். யக்ஞநாராயணன் நின்றுகொண்டே கேட்டார். பிறகு அதே படியில் உட்கார்ந்தார்.

"அப்போ அன்னிக்கு, வெளியே போனா அரை மணி நேரம் போயிடும்னு சொன்னியே."

"எறங்கி ஏறணுமே சார்."

"நான் முதலாளிகிட்டே உன்னைப் பத்தி என்னவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன் தெரியுமோ. காலத்தோட மதிப்பு தெரிஞ்ச ஆட்டக்காரன்னு சொன்னேனாக்கும்." சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீ நின்னிருக்க வேண்டிய இடத்து வழியாத்தான் அந்தப் பெங்களூர்க்காரன் போய்க் கோல் போட்டான். ஒரு ஆளும் இல்லை அங்கே."

"முதலாளி என்ன சொன்னாக சார்?"

"அந்த ஆள் எங்கே ஓடினான்னு கேட்டார். பந்தெடுக்கப் போனான்னு அவர்கிட்டே சொல்ல முடியுமோ? வயிறு சரியில்லைன்னு சொன்னேன்."

கடலை விற்கிறவன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலை இல்லைடா," என்றார் பிறகு, மெதுவாக. "நான் கேட்டுப் பார்த்தாச்சு. லிஸ்டிலே உன் பேரை அடிச்சாச்சு."

"சரி சார்."

சுருளிவேல் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, மடித்து நீட்டினார். யக்ஞநாராயணன் அதை வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கோ. பதினாலாம் நம்பரை இனிமே எவன் போட்டுண்டாலும் எனக்குச் சிரிப்பு வரும்." எழுந்து நாலு எட்டு போனவர் திரும்பி நின்றார். "ரெஃப்ரி உன் பேரை நோட்டிலே எழுதிண்டார். அனுமதி இல்லாம மைதானத்தை விட்டுப் போனதா. ஆகையினாலே நீ ஆடினேங்கறதுக்கு ரிக்கார்டு இருக்கு, கேட்டியோ. அதை யாராலேயும் அடிக்க முடியாது."

லாரி பொள்ளாச்சியைத் தாண்டும்வரை மரியஜோசப்புக்குக் கோபம் அடங்கவில்லை. கோபம் சுருளிவேல் மேல் இல்லை, பெங்களூர்க்காரர்கள் மேல்.

"பந்தெடுக்கப் போனவன் திரும்பி வருமுந்தி எப்படில ஆடுவானுக? எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டேன். ஒரு பய கேக்கலை. என்னையப் பிடிச்சு உக்கார வச்சுட்டானுக."

"வேற பந்து வச்சிருக்கானுக, அண்ணே."

"எத்தனை?"

"ஆறு."

மரியஜோசப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதை நினைத்துப் பார்த்தார். உடுமலைப்பேட்டை வந்தது. "ஆறு பந்து இருந்தா எவன்லே ஒழுங்கா ஆடுவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி எஸ்டேட்டுக்குள் ஏறியபோது மூடுபனி இன்னும் விலகவில்லை. குருவம்மாள் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார். லாரியிலிருந்து இறங்கியவரின் கையில் படுக்கைச் சுருட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்குள் வந்து, சேலைத் திரையை இந்தப் பக்கத்துக்கு இழுத்துவிட்டு, இருக்கிற ஒரே சட்டியில் காப்பி போட்டுக் கொடுத்தார்.

"ஆட விட்டாகளா?"

"விட்டாக."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு உதை."

சுருளிவேல் மடியிலிருந்து பதினாலாம் நம்பர் சட்டையை எடுத்து விரித்தார். பாசிக் கறை இன்னும் போகவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னார். பந்து முதலாளி தலைக்கு மேலே போனதை, அகழியை, குப்பண்ணனை, கூச்சலை, வேலை இல்லை என்றதை. சேலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடைக்காட்டில் அந்தக் கதை அன்றைக்கு மத்தியானத்துக்குள் பரவியதற்கு அதுதான் காரணம்.

"பந்து கெடைச்சுதா?" என்று கேட்டார் குருவம்மாள்.

"கெடைச்சுது. கழுவித்தான் குடுத்தேன்."

"அப்பச் சரி."

அவர் எழுந்து போய்த் திரைச் சேலையைத் தடவிப் பார்த்தார். நடுவில் நைந்து போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் வரும் என்றோ, இனிமேல் வேறு போட வேண்டும் என்றோ ஏதோ முணுமுணுத்தார். முகத்தை மட்டும் திருப்பவில்லை. சுருளிவேல் மூலையில் சாத்தியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். நாளைக்கு வேலைக்குப் போகுமுன் எப்படியும் அதைத் தீட்ட வேண்டும். அதன் முனையைத் தேயிலைப் பெட்டியின் மூடிக்குக் கீழே கொடுத்து, தான் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க ஆரம்பித்தார். நாலாவது ஆணி வரும்போது குருவம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வளைந்த ஆணிகளைப் பொறுக்கி, மறுபடி எப்போதாவது தேவைப்படும் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.